வேதத்துல சேர்ந்த கதை

கிறிஸ்தவம் சேரிக்குள் வந்த கதையை அதிகமாய் எழுதியவர்கள் மிஷன் சரித்திரக்காரர்கள். அவர்கள் எழுத்தில் வெள்ளைக்காரப் பாதிரி பேசுவார், நம் சனங்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாமாவின் 'கருக்கு' (1992) அந்தக் கதையைக் கேட்டவர்கள் பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்கிறது. தன்வரலாறு, வட்டார வழக்கு என்று இரண்டு சீட்டு ஒட்டிவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு தெருவுக்குள் விசுவாசம் எப்படிக் கைமாறுகிறது என்று பேசுகிற புத்தகமாகவும் அதை வாசிக்க வேண்டும்.

அதில் வேதம் முதலில் மேலேயிருந்து வருகிறது. சாமியார், கன்னியாஸ்திரிகள், ஞானோபதேசம், பாவம், பிசாசு. பிள்ளைகள் பயந்து பயந்து படிக்கின்றன. பொறுமையும் கீழ்ப்படிதலும் தாராளமாகச் சொல்லித் தரப்படுகின்றன. அநியாயத்தைக் கண்டு கோபப்பட்ட யேசுவை மட்டும் காட்டுவதில்லை. ஏற்கெனவே மொதலாளி காட்டுல குனிஞ்சு கெடக்கிறவனுக்குத் தாழ்ச்சியை எதுக்குத் தனியாச் சொல்லித் தரணும்?

ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று மடத்துக்குப் போன பாமா, அங்கே வசதியும் சாதியும் குடியிருப்பதைப் பார்த்து வெளியே வருகிறார். விசுவாசத்தை வாசலில் போட்டுவிட்டு வரவில்லை. மடம் மறைத்த யேசுவைத் தெருவுக்குச் சொல்கிறார், தெருப் பேச்சிலேயே சொல்கிறார். கோயிலுக்கு ஒரு தமிழ், வீட்டுக்கு ஒரு தமிழ் என்றிருந்த சனத்துக்கு அழுகையையும் செபத்தையும் ஒரே தமிழில் கொடுத்ததுதான் இந்நூலின் பெரிய காரியம்.

ஆனால் ஒரு விசயத்தில் நூலோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. பறையர்கள் சாமியார்களின் பேச்சில் மயங்கி மொத்தமாய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்கிற தொனி ஒரு இடத்தில் வருகிறது. சரித்திரம் அப்படி மட்டும் இல்லை. சபையும் சீமையும் வேறுதான், என்றாலும் தென் திருவிதாங்கூர் மயிலாடியைப் பாருங்கள். மகாராசன் என்ற சாம்பவர் தஞ்சாவூருக்குப் போன இடத்தில் வேதத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தன் சொந்தபந்தங்களுக்குச் சொன்னார். ரிங்கல்தௌபே பாதிரியார் 1806இல் வந்தபோது மயிலாடியில் விசுவாசிகள் ஏற்கெனவே இருந்தார்கள். மாமன் மச்சான் வீட்டுத் திண்ணையில் பேசிப் பரவிய வேதம் அது. சொன்னவனும் நம்மாளு, கேட்டவனும் நம்மாளு. மயங்கினோம் என்று சொல்லிக்கொண்டால், மானத்தைத் தேடி எடுத்த அந்த முடிவை நாமே பாதிரியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

சலுகை போச்சே என்ற பாமாவின் ஆதங்கம் நியாயமானது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நாம் இன்னும் வெளியேதான் நிற்கிறோம். அந்தக் குற்றம் அரசினுடையது. சேர்ந்த பாட்டன் பூட்டன் தலையில் அதை வைக்க முடியாது.

நம் தெருவுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவல் மேல் நம்மில் பலருக்குக் கோபம் உண்டு. அதில் வரும் ஆரோக்கியம் பறத்தெருவுக்குத் துணி வெளுக்கிறவள். சவுரி, ஜோசப், பீட்டர், மேரி என்று வீடு முழுக்க வேதப் பேர்கள். சோறு மட்டும் தெருவில் எடுக்கிற ராச்சோறு. அவளுக்கு நாம் சொல்லப்போகும் நற்செய்தி என்ன?

2008 மார்ச்சில் எறையூரில் வன்னியக் கத்தோலிக்கரும் தலித் கத்தோலிக்கரும் மோதிக்கொண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். தலித்துகள் கேட்டது தனிப் பங்கு. கத்தோலிக்கத் தமிழில் பங்கு என்றால் ஒரு சாமியாருக்கு உட்பட்ட சபை. ஊர்த் தமிழில் பங்கு என்றால் ஒருத்தனுக்குச் சேர வேண்டியது. ஒரே நற்கருணையை வாங்கியவர்கள் ஒரே தெருவழியாய்ப் பிணம் போக விடாத ஊர்களில் இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றுதான்.

வேதத்தைப் பகிர்வதாய்ச் சொல்கிறவர்கள் கல்லறையையும் பீடத்தையும் பந்தியையும் பகிரட்டும். வாயால் சொன்னது போதும். சேரி அதை எப்பவோ கேட்டாச்சு.