கட்டைகளின் சுருதி

பெட்ரோல் காரில் டயரின் முனகலை இன்ஜின் சத்தம் மூடிவிடும். மின்சாரக் காரில் அதற்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது காதில் விழுவதில் பெரும்பங்கு ரப்பரும் காற்றும்தான்.

அதனால்தான் டயர் கடையில், சாலையைத் தொடும் பரப்பிலுள்ள ரப்பர் கட்டைகளை உற்றுப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அடுத்தடுத்த கட்டைகள் ஒரே அளவில் இருக்காது. வேண்டுமென்றே செய்வது அது. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் சாலையில் தட்டும் ஓசை ஒரே சுருதியில் திரண்டு ரீங்கரிக்கும். சில டயர்களில் உள்ளே பஞ்சு ஒட்டியிருப்பார்கள், அடைபட்ட காற்றின் அதிர்வை விழுங்குவதற்கு. பாவம், பஞ்சர் போடுகிறவர் முதலில் அந்தப் பஞ்சைச் சுரண்ட வேண்டும்!

உழைப்பு வேறு கணக்கு. பேட்டரியின் எடையும், மிதித்தவுடன் பாயும் முறுக்குவிசையும் டயரைத் தின்னும். பக்கச் சுவரில் எடைக் குறியீடு இருக்கும்: 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 99 என்றால் 775. கார் கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது. தயாரித்த வாரமும் அங்கேயே உண்டு. 3525 என்றால் 2025-இன் 35-ஆவது வாரம். விலைக்கு முன் நான் கேட்பது இதைத்தான்.

வட சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையிலான இந்த வட்டாரத்துக்கு ரப்பர் புதிதல்ல. 1946-இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார், அதுதான் எம்.ஆர்.எஃப். ஆனது. அதே ஆண்டு பிரான்சில் மிஷெலின் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கோரியது. பின்னாளில் அந்த மிஷெலினும் தேர்வாய்கண்டிகைக்கு வந்து சேர்ந்தது, லாரி, பஸ் டயர் செய்ய.