வாழ்த்துப்பாவுக்கும் மொட்டை நோட்டீசுக்கும் நடுவில்

மறைந்த தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் நினைவு மலரொன்றுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். செப்ரெம்பர் வந்தால் எவராவது கேட்பார்கள். நானும் மறுக்காமல் எழுதிக் கொடுப்பேன். அம்முறை மலர் கைக்கு வந்தபோது என் கட்டுரையில் கடைசி இரண்டு பந்திகள் இல்லை. மலர்க்குழுவில் இருந்தவர் என்னிடம் படித்த பிள்ளை. காத்தான்குடியில் ஒரு தேநீர்க் கடையில் கண்டபோது கேட்டேன்.

"சேர், நீங்க எழுதினது பொய்யெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. ஆனா மலருல போடுற கதையா இது? கட்சிய விட்டுப் போறெண்டா போய்ட்டு எழுதுங்க. உள்ளுக்க இருந்துக்கிட்டு எழுதினா எப்படி?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிளேன்டீக்கு அவரே காசும் கொடுத்தார். ஆனால் அந்த "போய்ட்டு எழுதுங்க" என்ற வார்த்தை என்னை விடவில்லை. எமது அரசியல் எழுத்தின் இலக்கணம் முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டதாகவே பட்டது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அரசியல் கட்டுரையாக அல்ல. நாம் எழுதிக் குவித்திருக்கும் பிரதிகளைப் பற்றிய விமர்சனமாக.

ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் இதே காத்தான்குடியில், அஹமட் லெப்பையின் தலைமையில் தொடங்கப்பட்டது. 1986இல் அஷ்ரப் தலைமை ஏற்றபின் அது அரசியல் கட்சியானது. அவர் வழக்கறிஞர், பேச்சாளர், கவிஞர். 1999இல் வந்த 'நான் எனும் நீ' தொகுதி எம்மில் பலரது வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஒரு கவிஞரே தலைவரானதாலோ என்னவோ, இக்கட்சியைச் சுற்றி எழுந்த எழுத்து அளவில் மிகப் பெரியது. மேடைப் பாட்டுக்கள், வாழ்த்துப்பாக்கள், கவிதாஞ்சலிகள், மலர்கள். கட்சிக்காரனுக்கு 'போராளி' என்று பெயர் வைத்ததும் இந்த எழுத்துத்தான். புத்தளத்திலும் கண்டியிலும் கட்சி வளர்ந்திருக்கலாம். அதற்குப் பாட்டுக் கட்டியவர்களில் மிகப் பலர் வாவிக் கரையிலும் அதற்குத் தெற்கே கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் இருந்தவர்கள்.

2000 செப்ரெம்பர் 16இல் அரநாயக்க மலையில் ஹெலிகொப்டர் விழுந்து தலைவர் மரணித்தபின் இந்த எழுத்து ஒரு திருப்பம் கண்டது. இரங்கற்பா இயல்பானதுதான். நானும் அழுதேன், நானும் எழுதினேன். ஆனால் இரண்டொரு வருடத்தில் அக்கவிதைகளின் தொனி மாறியதை, மலர்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்த்தால் காணலாம். முதல் மலர்களில் 'நீ போய்விட்டாய்' என்ற துயரம். பிந்திய மலர்களில் 'நீ இருந்திருந்தால்' என்ற நிபந்தனை. இந்த 'இருந்திருந்தால்' மிகவும் வசதியான வினையெச்சம். இறந்தவரைப் புகழ்வது போலப் புகழ்ந்து இருப்பவரைக் குத்தலாம். எவரது பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. தலைமையில் இருந்த றவூப் ஹக்கீம் அவர்களுக்கு எதிராக எழுதியவரும் அதையே பாவித்தார், பேரியல் அஷ்ரப் அவர்களுக்கு எதிராக எழுதியவரும் அதையே பாவித்தார், பிறகு பிரிந்து கட்சி கட்டியவர்களுக்குப் பாட்டெழுதியவரும் அதையே பாவித்தார். குற்றச்சாட்டு எதுவென்று கேட்டால் கவிதையில் பதில் கிடையாது. வேர், விழுது, அநாதை, விருட்சம் என்று படிமங்கள் மட்டும் கிடைக்கும்.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு. அஷ்ரபின் காலமே விமர்சனத்துக்கு அப்பாற்பட்ட பொற்காலமாகிவிட்டது. அவரது காலத்திலும் முரண்பாடு இருந்தது. கட்சியின் தவிசாளராக இருந்த சேகு இஸ்ஸதீன் ('வேதாந்தி' என்ற பெயரில் எழுதிய கவிஞரும் அவரே) தலைவருடன் மோதிப் பிரிந்தது தொண்ணூறுகளின் முற்பகுதியில். இரண்டு கவிஞர்கள் ஒரு கட்சிக்குள் எதற்காக முரண்பட்டார்கள் என்பதை எமது இலக்கியம் ஒரு நல்ல கட்டுரையாகக்கூட எழுதி வைத்திருப்பதாகத் தெரியவில்லை. எம் மலர்களின்படி அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை.

வாழ்த்துப்பாவுக்கு மறுபக்கம் நோட்டீஸ். தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சுபஹுத் தொழுகை முடிந்து வரும்போது பள்ளிவாசல் மதிலடியில் கிடக்கும். பெயர் இருக்காது, 'நலன்விரும்பிகள்' என்றிருக்கும். சில நோட்டீஸ்களின் நடை நல்ல நடை என்பதைச் சொல்லியாக வேண்டும். எழுதியவர் யார் என்று நடையை வைத்தே எங்களுக்குத் தெரியும். முதல் நாள் மேடையில் கவிதை படித்தவராகவும் இருப்பார்! அதே கை, ஒன்றில் பெயரோடு பொய்யும் மற்றதில் பெயரின்றி அரை உண்மையும் எழுதும்.

மூன்றாவது வகை, மறுமேடைப் பேச்சு. ஒருவர் கட்சி மாறிய மறுவாரம் அதே முற்றவெளியில், அதே ஒலிபெருக்கியில் பழைய தலைமையின் குற்றங்களை வரிசைப்படுத்துவார். அவற்றில் பாதி அவர் உயர்பீடத்தில் கையுயர்த்திய முடிவுகளாக இருக்கும். "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்பார். தெரிந்திருந்தால் அன்றே ஏன் சொல்லவில்லை என்று கூட்டத்தில் எவரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் உறுப்பினர் ஆசனத்தைக் காரணம் காட்டலாம்.

ஆசனக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1978 அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரைப்படி கட்சி ஒருவரை விலக்கினால் அவரது பாராளுமன்ற ஆசனமும் போய்விடும். ஒரு மாதத்துக்குள் அவர் உயர்நீதிமன்றம் போய் விலக்கியது செல்லாது என்று தீர்ப்புப் பெற்றால் தப்பலாம். 2004 தேர்தலுக்குப் பின் அரசுப் பக்கம் போன ஓட்டமாவடி அமீர் அலியைக் கட்சி விலக்கியபோது நீதிமன்றம் அந்த விலக்கலை ஏற்கவில்லை. ஏறாவூர் நசீர் அஹமட் விடயத்தில் 2023 ஒக்டோபர் 6இல் வேறு விதமாகத் தீர்ப்பு வந்தது. கட்சி முடிவுக்கு மாறாக வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களித்ததற்காக அவரை விலக்கியது செல்லும் என்றது நீதிமன்றம்; ஆசனம் அலிஸாஹிர் மௌலானாவுக்குப் போனது. நான் கவனித்தது சட்டத்தை அல்ல. இந்த இரண்டு வழக்கும் அரசுப் பக்கம் சாய்ந்ததால் வந்தவை. தலைமை அரசோடு ஒட்டியிருக்கிறது, அது தவறு என்று சொன்னதற்காக ஆசனம் இழந்தவர் எவர்? எமது கட்சியில் கலகம் பெரும்பாலும் அமைச்சுக் கதிரையை நோக்கியே நடந்திருக்கிறது. கதிரையை விட்டெழும்பச் சொல்லி நடந்தது அபூர்வம்.

போய்வருபவருக்கோ இடம் உண்டு. 1989இல் மரச் சின்னத்தில் முதன்முதலாகப் பாராளுமன்றம் போன ஹிஸ்புல்லாஹ் இடையில் எத்தனை பக்கம் நின்றார் என்பது ஊருக்குத் தெரியும். 2024 நவம்பரில் மட்டக்களப்பு மாவட்டத்தில் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனம் அவருடையது, அதே மரத்தில். அவரை ஏற்றதை நான் பிழை சொல்லவில்லை. ஆனால் 2017இல் தவிசாளர் பஷீர் சேகுதாவூதும் செயலாளராக இருந்த ஹசன் அலியும் தலைமையோடு முரண்பட்ட காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் சொன்னது முழுவதும் சரியென்பதல்ல என் வாதம். நீண்டகாலம் பதவியில் இருந்துவிட்டுப் பிந்திப் பேசினார்கள் என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் சொன்னது சரியா பிழையா என்று விவாதித்த கட்சிக்காரரைக் காட்டிலும், 'ஏன் இப்போது சொல்கிறார்கள், பின்னால் யார்' என்று விவாதித்தவர்களே அதிகம்.

பாராளுமன்ற உறுப்பினருக்கு இழக்க ஆசனம் இருக்கிறது. எழுத்தாளனுக்கு என்ன இருக்கிறது? இடமாற்றம் இருக்கிறது, மகனின் நியமனம் இருக்கிறது, மருமகனின் கொந்தராத்து இருக்கிறது. எல்லாவற்றையும் விட முதற்பிரதி இருக்கிறது. நூல் வெளியீட்டில் முதற்பிரதி பெறும் பிரமுகர் தரும் கடித உறைதான் அச்சகக் கடனை அடைக்கும். என் சிறுகதைத் தொகுதியின் முதற்பிரதியை வாங்கியவரும் கட்சியின் ஊர்ப் பிரமுகர் ஒருவரே. உறையில் இருந்தது அச்சுக்கூலியில் பாதிக்கு மேல். அதற்குச் சில மாதங்களில் 2012 மாகாணசபைத் தேர்தல் முடிந்து கட்சி எடுத்த முடிவை நான் தவறென்றே நினைத்தேன். ஒரு வரி எழுதவில்லை. அவர் என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. கேட்காமலே கொடுத்த மௌனம் அது. மலர்க்குழுத் தம்பி வெட்டிய பந்திகள் அந்த மௌனத்துக்கு நான் கட்டிய பிந்திய வட்டி.

இனி, எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிகப் பலமான நியாயத்துக்கு வருகிறேன். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். ஒரு வாரத்தில் ஏறாவூர். அந்த மையித்துகளை அடக்கிய சனம், 'எங்களுக்கென்று ஒரு கட்சி, ஒரு குரல்' என்றது பதவி ஆசையால் அல்ல. உள்வீட்டுச் சண்டை வெளியே கேட்டால் எதிரிக்கு வாய்ப்பு என்ற பயம் அன்று உண்மையான பயம். நானும் அந்தப் பயத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் அதே பயத்தோடு வாழ்ந்த தமிழர் தரப்பில் சிலர் தம் பக்கத்தைத் தாமே எழுதினார்கள். இயக்கத்துக்குள் நடந்ததை 'புதியதோர் உலகம்' 1985இலேயே நாவலாக்கியது. 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவற்றை நாம் எவ்வளவு ஆசையோடு வாசித்தோம்! கூட்டங்களில் மேற்கோள் காட்டினோம். புலிகளை அவர்களது ஆட்களே விமர்சிக்கிறார்கள் என்பது எமக்கு ஆதாரமாக இருந்தது. பனையை வாசித்தவர்கள் மரத்தைப் பற்றி எழுதவில்லை. அங்கே எழுதினால் உயிர் போனது. இங்கே போயிருக்கக் கூடியது ஒரு உறை.

2020இல் இது உறைத்தது. கொவிட்டில் மரணித்தவர்களின் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த அதே ஒக்டோபரில், 22ஆந் திகதி 20ஆவது திருத்தத்துக்கு வாக்கெடுப்பு. தலைவர் எதிர்த்து வாக்களித்தார். கட்சியின் ஹரீஸ், பைசல் காசிம், தௌபீக், நசீர் அஹமட் ஆகிய நால்வரும் ஆதரித்து வாக்களித்தார்கள். டிசம்பரில் இருபது நாள் குழந்தையொன்று எரிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கும்வரை எம்மவர்கள் எழுதிய கவிதைகள் ஏராளம். சில மிக நல்லவை. சஞ்சிகைகளிலும் தொகுப்புகளிலும் கண்டவற்றை எடுத்து வைத்து வாசித்தேன். நெருப்பு இருக்கிறது, பெட்டி இருக்கிறது, உம்மா இருக்கிறாள், அரசன் இருக்கிறான். அந்த அரசனுக்கு அதிகாரம் கூட்டக் கையுயர்த்திய எம் ஊர்க்காரரைக் காணவில்லை. நான் வாசித்தவற்றில் ஒன்றே ஒன்றில் 'எங்கள் கைகளும்' என்று ஒரு சொல் வந்தது. எழுதியவள் இளம் பெண், கட்சி எதிலும் இல்லாதவள்.

விமர்சித்தவனுக்கு எமதூரில் வைக்கும் பெயர் முனாபிக். மார்க்கத்தில் அந்தச் சொல் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பவனுக்குரியது. உள்ளே நினைத்ததை வெளியே சொன்னவனுக்கு அதைச் சூட்டுகிறோம்! அபூபக்கர் (ரழி) ஆட்சிப் பொறுப்பேற்று ஆற்றிய முதல் உரையிலேயே தாம் தவறினால் திருத்துமாறு கேட்டதாகக் குத்பா மேடைகளில் எத்தனை தரம் கேட்டிருப்போம். தக்பீர் முழங்கித் தொடங்கும் கட்சிக் கூட்டத்தில் அந்தப் பகுதியை எவரும் நினைவூட்டுவதில்லை.

வெட்டப்பட்ட இரண்டு பந்திகளையும் மாற்றமின்றித் தருகிறேன்.

"2012 செப்ரெம்பர் 8 கிழக்கு மாகாணசபைத் தேர்தலில் நாம் தனித்து நின்றோம். அந்த ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டிருந்தது. அரசைக் கண்டித்தே வாக்குக் கேட்டோம்; நானும் ஏறாவூரில் ஒரு மேடையில் பேசினேன். 37 ஆசனங்களில் அரச கூட்டமைப்புக்கு 14, தமிழரசுக் கட்சிக்கு 11, எமக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, மிகுதி ஒன்று. தமிழ்த் தரப்போடும் ஐ.தே.க.வோடும் சேர்ந்தால் 22. அரசோடும் அந்த ஒருவரோடும் சேர்ந்தாலும் 22. முதலமைச்சர் பதவியை எமக்கே தருவதாகத் தமிழ்த் தரப்பு சொன்னது. நாம் அரசோடு சேர்ந்தோம்.

"அதற்குக் காரணம் இருந்திருக்கலாம். கொழும்பில் அமைச்சரவையில் இருந்துகொண்டு மாகாணத்தில் எதிர்ப்பது கடினம் என்பது எனக்கும் விளங்கும். அப்படியானால் அதைத் தேர்தலுக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். வாக்குப் போட்டவனிடம் வந்து, இன்ன காரணத்துக்காக உனக்குச் சொன்னதற்கு மாறாக நடந்தோம் என்று தலைவரோ உயர்பீடமோ எந்தக் கூட்டத்திலாவது விளக்கியதை நான் கேட்கவில்லை. 1989 முதல் இக்கட்சிக்குப் புள்ளடி போடுபவன் என்ற முறையில் கேட்கிறேன். அந்த மேடையில் நான் பேசியதை நம்பி வாக்களித்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"