52,000 ரூபாய்க்கு என்ன கூடுதல்?

ஒரே நிறுவனம், ஒரே நாளில், ஒரே அளவுத் திரையோடு இரண்டு கைபேசிகளை அறிவித்து, இரண்டுக்கும் நடுவே 52,000 ரூபாய் இடைவெளியும் வைத்திருக்கிறது. அந்த இடைவெளிக்குக் கணக்குக் கேட்க வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. 2025 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் அறிவித்த ஐபோன் 17, ஐபோன் 17 புரோ ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறேன். இந்தியாவில் வெளியீட்டு விலை, 17க்கு 82,900 ரூபாய், புரோவுக்கு 1,34,900 ரூபாய். இரண்டுமே 256 ஜிபி சேமிப்பிடத்தில் தொடங்குகின்றன. அன்றே வந்த ஏர், புரோ மேக்ஸ் இரண்டையும் ஒதுக்கிவிடலாம். மெல்லிய போன் வேண்டும் என்பவருக்கும் பெரிய போன் வேண்டும் என்பவருக்கும் வழி ஏற்கெனவே தெரியும். தடுமாற்றம் எல்லாம் இந்த இரண்டுக்கு நடுவில்தான்.

அந்த மாதத்தில்தான் ஆபரணத் தங்கம் பவுன் 80,000 ரூபாயைத் தாண்டியது. ஆக, அன்று 17 என்பது ஏறக்குறைய ஒரு பவுன். புரோவுக்காகக் கூடுதலாகத் தந்தது அரைப் பவுனுக்கும் மேல். புதுச்சேரியின் முத்தியால்பேட்டை வீடுகளில் பெரிய செலவு எதையும் இந்த அளவுகோலில் அளக்காமல் செய்வதில்லை. நெசவைப் பிழைப்பாகக் கொண்டு வளர்ந்த பேட்டை இது. இன்று அரசு ஊழியர்கள், சிறு வணிகர்கள், சோலை நகர்க் கடலோரத்து மீனவர்கள், பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் ஓய்வூதியக் குடும்பங்கள், கடற்கரைச் சாலைக்கு வரும் சுற்றுலாக்காரர்களைப் படம் பிடித்துச் சம்பாதிக்கும் இளைஞர்கள் எனப் பலரும் வாழும் இடம். இவர்களில் யாருக்கு எது என்று பிரித்துச் சொல்லாத மதிப்பீடு பயன்படாது.

முதலில், கண்ணும் கையும் நாள் முழுவதும் தொடும் பக்கம். இரண்டிலும் 6.3 அங்குல ஓஎல்இடி திரை. இரண்டும் வினாடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கப்படுகின்றன. பூட்டிய நிலையிலும் நேரம் காட்டும் வசதி இரண்டிலும் உண்டு. வெயிலில் எட்டும் உச்ச ஒளிர்வும் ஒன்றே, 3,000 நிட்ஸ். முன்பக்கக் கேமராவும் ஒன்றே, 18 மெகாபிக்சல். பாரிஸில் இருக்கும் மகளோடு இரவில் வாட்ஸ்அப் வீடியோவில் பேசும் தாய்க்கு, எந்தக் கருவியை வைத்திருந்தாலும் மகளின் முகமும், மகளுக்குத் தாயின் முகமும் ஒரே தெளிவில்தான் தெரியும். வெளிநாட்டுப் பேச்சு அன்றாடமாகிவிட்ட ஊரில் இது சிறிய விஷயம் அல்ல.

முந்தைய ஆண்டில் நிலைமை வேறு. ஐபோன் 16இன் திரை வினாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படும்; 16 புரோவில் 120. விரலால் தள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. அதனால் புரோவுக்குக் கூடுதலாகக் கொடுத்தவருக்கு நாள் முழுவதும் அதன் பலன் கிடைத்தது. அந்த வேலி 2025இல் விழுந்துவிட்டது. விலையோ எதிர்த்திசையில் நகர்ந்தது. 256 ஜிபியை மட்டும் ஒப்பிட்டால், 16இன் விலை 89,900, 16 புரோவின் விலை 1,29,900, இடைவெளி 40,000. அடுத்த ஆண்டில் சாதாரண மாடல் 7,000 ரூபாய் இறங்கியது. புரோ 5,000 ஏறியது. பயனில் வித்தியாசம் சுருங்கிய அதே ஆண்டில் விலையில் வித்தியாசம் விரிந்தது. என் தீர்ப்பின் முதல் தூண் இதுதான்.

இனி புரோ எங்கே உண்மையில் உயர்ந்தது என்பதைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் பலம் முதுகுப்புறத்தில் இருக்கிறது. 17இல் இரண்டு கேமராக்கள், இரண்டும் 48 மெகாபிக்சல். முதன்மைக் கேமராவின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து 2 மடங்கு நெருக்கத்தைத் தருகிறது. அதற்கு மேல் போனால் படம் வெறுமனே இழுத்துப் பெரிதாக்கப்படுகிறது. புரோவில் மூன்றாவதாக 4 மடங்கு தொலைவுக் கேமரா உண்டு. அதன் நடுப்பகுதியை வெட்டினால் 8 மடங்கு வரை விவரம் கெடாது. முதன்மைக் கேமராவின் உணரியும் புரோவில் பெரியது என்பதால் மங்கலான வெளிச்சத்தில் அதன் கை ஓங்கும்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு சோதனைக் களம் இருக்கிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் முதலாகச் சுற்றுவட்டாரத்து உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கும் சாமிக்கும் நடுவே ஆயிரம் தலைகள் இருக்கும். அங்கே 2 மடங்கு போதாது. அலங்காரத்தின் மடிப்பும் சாமியின் முகமும் படத்தில் விழ வேண்டுமானால் 4 மடங்கு வேண்டும். வில்லியனூர்த் தேரை மாடியிலிருந்து எடுப்பவருக்கும், பள்ளி மேடையில் ஆடும் பிள்ளையைக் கடைசி வரிசையிலிருந்து எடுப்பவருக்கும் இதே கதைதான். இந்த இடத்தில் 17 தோற்கிறது, மறுக்க முடியாது.

ஆனால் ஆண்டு முழுவதும் நாம் எடுக்கும் படங்களில் இப்படிப்பட்டவை எத்தனை? இதற்கு விடை சொல்ல எந்த விமர்சகரும் தேவையில்லை. இப்போதுள்ள போனின் படத் தொகுப்பைத் திறந்து, தூரத்திலிருந்து இழுத்து எடுத்தவற்றைத் தனியே பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் குழந்தையின் முகம், சாப்பாட்டுத் தட்டு, ஆவணத்தின் நகல், கூட்டமாக நின்ற உறவினர்கள் என்று எல்லாமே எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருக்கும். புடவையின் நெசவை வாடிக்கையாளருக்குப் படமெடுத்து அனுப்புபவருக்கு வேண்டியதும் அருகிலிருந்து எடுக்கும் தெளிவுதான். அது இரண்டிலும் இருக்கிறது.

வீடியோவைத் தொழிலாகச் செய்பவருக்குக் கணக்கு மாறும். 4கே தரத்தில் வினாடிக்கு 120 சட்டங்கள் எடுப்பதும், தொகுப்பாளர்கள் கேட்கும் புரோரெஸ் வடிவத்தில் பதிவதும் புரோவில் மட்டும்தான். கோப்பைக் கணினிக்கு மாற்றும் வேகத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 17இன் யுஎஸ்பி இணைப்பு வினாடிக்கு 480 மெகாபிட், புரோவில் 10 கிகாபிட். 100 ஜிபி காட்சிகளை இறக்க 17க்கு அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். தகுந்த கேபிளும் வட்டும் இருந்தால் புரோ சில நிமிடங்களில் முடித்துவிடும். கல்யாண வீடியோ எடுத்து அன்றிரவே தொகுத்துத் தர வேண்டியவருக்கு இந்த நேரம்தான் கூலி. அவருக்கு 52,000 ரூபாய் முதலீடு. இரண்டு முகூர்த்த மாதங்களில் திரும்பி வரக்கூடியது.

வெயில் அடுத்த தேர்வு. ஆப்பிள் தன் ஐபோன்களுக்குச் சொல்லும் சுற்றுப்புற வெப்ப எல்லை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். புதுச்சேரியின் கத்திரி வெயில் அந்த மேல்வரம்பைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். தாண்டினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது தாமதமாகும். புரோவுக்குள் மூடிய மெல்லிய அறை ஒன்றில் சிறிதளவு நீர் இருக்கிறது. சிப் சூடாகும்போது நீர் ஆவியாகி, சூட்டை அலுமினிய உடலுக்குக் கடத்தி, குளிர்ந்து, மீண்டும் நீராகத் திரும்புகிறது. 17இல் இந்த அமைப்பு இல்லை. நீண்ட நேரம் விளையாடுபவருக்கும், வெயிலில் நின்று மணிக்கணக்கில் வீடியோ எடுப்பவருக்கும் இது நிஜமான நன்மை. ஆனால் பேசுவது, பணம் அனுப்புவது, படம் எடுப்பது என விட்டுவிட்டுப் பயன்படுத்துபவரிடம் சிப் அந்த அளவுக்குச் சூடேறாது. வண்டியின் முகப்பில் வெயிலில் மாட்டி, வழிகாட்டியை ஓடவிட்டு, கூடவே சார்ஜும் ஏற்றினால் புரோவும் திணறும். அங்கே முதலில் தேவைப்படுவது நிழல்.

உடலமைப்பில் புரோவின் பழைய பெருமை ஒன்று போய்விட்டது. 15, 16 புரோக்களில் டைட்டானியச் சட்டம் இருந்தது. 17 புரோ அலுமினியத்துக்கு மாறிவிட்டது. சூட்டைக் கடத்த அதுவே ஏற்றது என்பது சரியான காரணம்தான். ஆனால் உயர்ந்த உலோகம் என்ற வாதத்தை இனி கடைக்காரர் சொல்ல முடியாது. விற்பனைக்கு வந்த சில நாள்களிலேயே அதன் கேமரா மேட்டின் கூரான விளிம்பில் கீறல் விழுவது பேச்சானது. மணலும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் உறையில்லாமல் வைத்திருப்பவர் இதை மனதில் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் தண்ணீர்த் தாங்குதிறன் ஒன்றே. அது நல்ல தண்ணீரில், ஆய்வகத்தில் அளந்தது. கடல்நீர் புகுந்தால் எதற்கும் வாரண்டி இல்லை. எடையில் 17 வெல்கிறது: 177 கிராம், புரோ 204. சிம் அட்டை போடும் மாடல்களில், நிறுவனமே சொல்லும் வீடியோ ஓட்ட நேரம் 17க்கு 30 மணி, புரோவுக்கு 31. பேட்டரியை முன்வைத்துப் புரோவை விற்பது நியாயமாகாது.

சிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 17இல் ஏ19, 8 ஜிபி நினைவகம். புரோவில் ஏ19 புரோ, 12 ஜிபி. கூடுதல் நினைவகம் செயற்கை நுண்ணறிவுக்கு உதவும் என்பார்கள். ஆனால் ஆப்பிளின் அந்த வசதிகள் பிரெஞ்சில் இயங்குகின்றன, தமிழில் இயங்கவில்லை. ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சி நடந்த இந்த ஊரில் சிலருக்கு அது உதவலாம். தமிழில் எழுதி, தமிழில் பேசி, தமிழில் தேடும் பெரும்பாலோருக்கு அந்த 4 ஜிபி தரப்போவது மிகக் குறைவு. நம் மொழிக்கு வேலை செய்யாத ஆற்றலுக்கு நம்மிடம் விலை கேட்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

இப்போது விலையின் நியாயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 17இன் வெளியீட்டு விலை 799 டாலர், புரோ 1,099. விற்பனை வரி தனி. இடைவெளி 300 டாலர்தான். வெளியான நாள்களில் டாலர் சுமார் 88 ரூபாய். 799 டாலரை ரூபாயாக்கி நம் 18 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்தால் சுமார் 82,970 வருகிறது. இங்கே விலை 82,900. அதாவது சாதாரண மாடலுக்கு நம்மிடம் கேட்பது அமெரிக்க விலையும் வரியும் மட்டுமே. அதே கணக்கில் புரோவின் விலை சுமார் 1,14,100 ஆக இருக்க வேண்டும், கேட்பதோ 1,34,900. 20,000 ரூபாய்க்கும் மேல் கூடுதல். நியாயமான இடைவெளி சுமார் 31,000. நம்மிடம் வாங்கும் இடைவெளி 52,000. 16 வரிசையிலிருந்தே புரோ மாடல்களும் இந்தியாவில் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளில் தமிழ்ப் பெண்களின் கைகள் கோத்துத் தரும் வரிசை இது. அதைத் தமிழர் வாங்கும்போது மேல்மாடலுக்கு மட்டும் இந்தச் சுமை ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

‘பிரான்சிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாமே’ என்பது நம் ஊரின் பழைய யோசனை. இங்கே அது எடுபடாது. அங்கே 17இன் வெளியீட்டு விலை 969 யூரோ, புரோ 1,329. யூரோ 103 ரூபாய் என்று வைத்தால் 17க்கு ஏறக்குறைய 99,800, புரோவுக்கு 1,36,900. இரண்டுமே இங்கே வாங்குவதைவிட அதிகம். அங்கேயே குடியிருக்கும் உறவினருக்கு வரித் திருப்பமும் கிடையாது. அமெரிக்காவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வருபவற்றில் சிம் அட்டைக்கு இடமே இல்லை, இசிம் மட்டும்தான். புதுச்சேரியில் வரி குறைவு என்று தமிழ்நாட்டிலிருந்து வந்து வாங்கிய காலமும் 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டியோடு முடிந்துவிட்டது. நேரு வீதியிலும் விழுப்புரத்திலும் இப்போது வரி ஒன்றே.

கடையில் நம்மை அசைக்கும் வாதம் தவணை. ‘24 மாதத்துக்கு மாதம் 2,167 ரூபாய்தானே கூட’ என்று கேட்கும்போது 52,000 காணாமல் போய்விடும். வட்டியில்லாத் தவணை என்பதிலும் வங்கி வட்டி போடுகிறது. அந்தத் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். வட்டி மீதான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான். எனவே மாதத் தொகையைக் கேட்காதீர்கள். கடைசித் தவணை முடியும்போது கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போயிருக்கும் என்று கேளுங்கள்.

என் தீர்ப்பு இது. இந்த இரண்டில், வீட்டுக்கும் வேலைக்கும் போன் வாங்கும் முத்தியால்பேட்டைக்காரருக்கு ஐபோன் 17தான் சரியான தேர்வு. திரை, முன்கேமரா, பேட்டரி என்று அன்றாடம் தொடும் எதிலும் அவர் குறிப்பிடும்படி எதையும் இழக்கவில்லை. கேமராவால் சோறு சாப்பிடுபவர், அதாவது வீடியோவைக் கூலிக்கு எடுப்பவரும் தொலைவுப் படம் தொழிலாக உள்ளவரும், புரோவைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டுக்கும் நடுவே நிற்பவர், திருவிழாவையும் பிள்ளையின் மேடையையும் ஆசையாகப் படமெடுப்பவர், இடைவெளி 31,000க்குள் வரும் தள்ளுபடிக்குக் காத்திருக்கட்டும். அதுவரை புரோ அவருக்கு நியாயமான விலையில் இல்லை. குறும்படமோ ரீல்ஸோ எடுத்து முன்னேற நினைக்கும் இளைஞருக்கு இன்னொரு வார்த்தை: 17ஐ வாங்கி, மிச்சத்தில் ஒரு பகுதியை நல்ல மைக்குக்கும் விளக்குக்கும் முக்காலிக்கும் செலவிடுங்கள். பார்ப்பவர் முதலில் கவனிப்பது குரலின் தெளிவும் முகத்தில் விழும் வெளிச்சமும்தான். அவை மூன்றாவது கேமராவிலிருந்து வருவதில்லை.