பக்கத்து இருக்கையின் கிளட்ச்

டிரைவிங் டெஸ்ட் என்றாலே கை நடுங்குகிறவர்களுக்கு நம் ஊர் டிரைவிங் ஸ்கூல்கள் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்றுதான். டெஸ்ட்டில் என்ன கேட்பார்களோ அதையே, பள்ளியின் வண்டியிலேயே, அலுத்துப்போகும்வரை ஓட்டவைப்பது. வெறும் மனப்பாடம் என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. அந்தப் பழிப்பில் எனக்குப் பாதிதான் உடன்பாடு.

பதற்றம் வந்தால் முதலில் பறிபோவது யோசனை. கைகால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. இருசக்கர வண்டியில் எட்டுப் போடுவதையே பாருங்கள். புதியவர் முன்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பார், வண்டி தள்ளாடும், கால் தானாகத் தரைக்குப் போகும். ஊன்றினால் அவுட். விவரமான மாஸ்டர் சொல்வது இவ்வளவுதான்: பார்வை அடுத்த வளைவில் இருக்கட்டும், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடி, பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே வா. ஓட்டும் நுணுக்கமாகச் சொன்னாலும் பயத்துக்கும் இதுவே மருந்து. கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுத்துவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் எங்கே நிற்கிறார், முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நேரம் ஏது? காரிலும் அப்படியே. சீட் பெல்ட், கண்ணாடி, நியூட்ரல், சாவி, கிளட்ச், ஃபர்ஸ்ட் கியர், இண்டிகேட்டர், ஹேண்ட் பிரேக் என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி வண்டியை எடுக்கிறவர், ‘தைரியமா இரு’ என்று வீட்டில் நாலு பேர் சொல்லி அனுப்பியவரைவிடத் தெளிவாகவே எடுக்கிறார்.

கோளாறு வேறிடத்தில். பயிற்சி வண்டியில் மாஸ்டரின் வாய் ஓயாது. “கிளட்ச்… கிளட்ச மிதிம்மா. லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. போதும், நேராக்கு.” அந்தப் பெண் பாதி வண்டியைக் காதால்தான் ஓட்டுகிறார். டெஸ்ட் அன்று ஆய்வாளர் “எடுங்க” என்பதற்கு மேல் பேசுவதில்லை. அந்த மௌனத்தில் ஆள் ஆடிப்போகிறார். தப்புச் செய்துவிட்டோமோ என்ற சந்தேகத்திலேயே அடுத்த தப்பு வருகிறது. கடைசி இரண்டு வகுப்புகளில் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு, கையில் ஒரு தாளோடு உட்கார்ந்திருந்தால் இது தீரும். காசு செலவில்லாத ஏற்பாடு; ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

வாயைவிடப் பெரிய சிக்கல் கால். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் கிளட்ச், பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். உயிர் காக்கும் ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் மேட்டில் வண்டி உருளாமல் கிளம்பியது தன் ஹாஃப் கிளட்ச்சாலா, மாஸ்டரின் காலாலா என்று பழகுகிறவருக்குத் தெரிவதே இல்லை. அதே வண்டியில் டெஸ்ட்டும் முடிந்துவிட்டால் கடைசிவரை தெரியாது. 2024இல் கேரளம் இத்தகைய வண்டிகளை டெஸ்ட்டில் அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. டிரைவிங் ஸ்கூல்கள் போராட்டத்தில் இறங்க, அரசு பின்வாங்கியது. எந்த இடத்தில் கை வைத்தால் வலிக்கிறது என்பதை அந்தப் போராட்டமே காட்டிக்கொடுத்தது. “டென்ஷன் ஆகாதீங்க, நான் பேசிக்கிறேன்” என்ற அபயவாக்கு இன்னொரு ரகம். அது பயத்தை உடனே தணிக்கும். தேர்ச்சி பெற்றது நான்தான் என்ற நம்பிக்கையும் அதோடு போய்விடும்.

பள்ளிகளை மட்டும் குறை சொல்லவும் மனம் ஒப்பவில்லை. நம் டெஸ்ட்டின் அமைப்பே பயத்தை வளர்ப்பது. பிரிட்டனில் கார் டெஸ்ட் ஏறக்குறைய 40 நிமிடம், நிஜச் சாலையில், நிஜப் போக்குவரத்தில். சின்னத் தவறுகள் 15 வரை மன்னிப்பு உண்டு; ஆபத்தான தவறு ஒன்றே ஒன்று என்றாலும் தோல்வி. கடினமான தேர்வுதான். ஆனால் முதல் ஐந்து நிமிடம் நடுங்கினாலும் மீதி நேரத்தில் நிதானத்துக்கு வந்துவிடலாம். இங்கோ பல இடங்களில் சில நிமிடத்தில் முடிகிறது. நடுக்கம் அடங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம், மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. இதை முதல் வகுப்பிலேயே சொன்னால் பலருக்குப் பாதி பயம் போய்விடும். தோல்வி என்றால் எல்லாம் போச்சு என்றுதான் பெரும்பாலோர் மைதானத்துக்குள் நுழைகிறார்கள்.

கார் பழக 21 நாள், குறைந்தது 10 மணி நேர ஓட்டம் என்கின்றன 1989ஆம் ஆண்டின் மத்திய விதிகள். கணக்குப் போட்டால் நாளுக்கு அரை மணி. அதையும் விடிகாலையில் காலி ரோட்டில் கழித்துவிட்டு லைசென்ஸ் வாங்கியவர், மாலை நேரத்து பஸ் ஸ்டாண்டு சந்திப்பில் பின்னால் ஹாரன் அடிக்கும்போது என்ன செய்வார்? டெஸ்ட்டில் வராத பயம் அங்கே முழுசாக வருகிறது. வீட்டில் கார் நிற்க, லைசென்ஸை ரயிலில் அடையாள அட்டையாகக் காட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகவே இப்போது சில பள்ளிகள் ‘லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு’ என்று தனி வகுப்பு நடத்துகின்றன: டிராஃபிக், மேம்பாலம், ராத்திரி ஓட்டம், சொந்தக் காரில். நல்ல பாடம். கட்டணம் மட்டும் தனி.