டிக் அடித்த பிறகு

பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பும் யூடைஸ் பிளஸ் பதிவில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் பிள்ளை எதில் வருகிறது என்று குறிக்க வேண்டும். 2022-23 முதல் இது ஒவ்வொரு மாணவர் பெயரிலும் தனித்தனியாக ஏறுகிறது.

இந்தக் கணக்கை வெறும் காகித வேலை என்று தள்ளிவிட முடியாது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் இப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று ஒதுக்கீடு. தலைகளை எண்ணாமல் அந்தப் பணம் வராது. தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தியது. ஆக, எண்ணிக்கை குறைந்தால் பணியிடமும் குறையும். பணியிடம் குறைந்தால் பிள்ளையின் சிரமத்தைக் கண்டறியத் தெரிந்தவர் பள்ளியில் இருக்க மாட்டார். அடுத்த ஆண்டுக் கணக்கு இன்னும் இளைக்கும்.

ஹைதராபாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவுசார் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 1984 முதல் அதன் இரட்டை நகரான செகந்திராபாத்தின் போயன்பள்ளியில் இயங்குகிறது. நிபுணர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான். ஆனால் டிக் அடிப்பவர் வகுப்பாசிரியர். அவருக்கு உதவ என்சிஇஆர்டி 2022இல் பிரசஸ்த் செயலியைக் கொண்டுவந்தது. பிள்ளையிடம் கண்டதை ஆசிரியர் குறிக்கிறார், சிறப்பாசிரியர் சரிபார்க்கிறார், பிறகு மருத்துவச் சான்றிதழ். முதல் இரண்டு படிகளும் நல்லவை. மூன்றாவதில்தான் சிக்கல். சான்றிதழ் பேசுவது விழுக்காட்டின் மொழி, 40ஐத் தொட்டால்தான் பெரும்பாலான சலுகைகள். ஓய்வூதியத்துக்கும் பஸ் பாஸுக்கும் அந்த அளவுகோல் பொருந்தலாம். ஒரு காதில் மட்டும் மந்தமாகக் கேட்கும் பிள்ளையை எந்த பெஞ்சில் உட்கார வைப்பது என்று அது சொல்லாது.

கற்றல் குறைபாட்டில் குழப்பம் இன்னும் அதிகம். பழைய நகரத்துப் பிள்ளை வீட்டில் உருது பேசும், தெருவில் தெலுங்கு கேட்கும், பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும். மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டத் திணறினால் அது குறைபாடா, புரியாத மொழியில் படிப்பதன் விளைவா? தாய்மொழியும் பயிற்றுமொழியும் அதே யூடைஸ் பதிவில்தான் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். கையில் இருக்கும் தரவைச் சேர்த்துப் படிக்காமல் புதுச் செயலிகளைத் தேடுவது நம் வழக்கமாகிவிட்டது.

நகரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தனியார் பள்ளிகளில். அங்கே பெற்றோர் மறைக்கிறார்கள், பள்ளியும் கிளறுவதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதுதான் கூடுதல் நேரத்துக்காகவும் எழுதித் தருபவருக்காகவும் சான்றிதழ் வெளியே வருகிறது. பெயரோடு ஏறும் குறிப்பு நாளை யார் கண்ணில் படும் என்ற பெற்றோரின் பயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் படிவம் கேட்கிறது: பிரெயில் புத்தகம், காதொலிக் கருவி, சக்கர நாற்காலி, உதவித்தொகை. எல்லாம் பொருளாகவோ பணமாகவோ கொடுக்கக்கூடியவை. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தனியாகக் கற்பித்தார்கள் என்பதைப் பதிய இடமில்லை.

இங்கிலாந்தின் பள்ளிக் கணக்கெடுப்பில் மருத்துவர் சான்று இல்லாமலே, பள்ளி தரும் ஆதரவை வைத்துப் பிள்ளையைப் பதியலாம். நிபுணர் இன்னும் மதிப்பிடவில்லை என்பதற்கே தனிக் குறியீடு உண்டு. பள்ளிக்குப் பள்ளி அளவுகோல் மாறுகிறது என்ற குறை அங்கே இருக்கிறது. இருந்தாலும் ஹைதராபாத்துக்கு நான் கேட்பது, நிபுணர் இன்னும் மதிப்பிடாத பிள்ளைக்கான அந்த ஒரு கட்டத்தைத்தான். அதைச் சேர்த்தால் முதல் ஆண்டிலேயே எண்ணிக்கை எகிறும், நிதித்துறை முகம் சுளிக்கும். ஆனால் சிறப்பாசிரியர் பணியிடங்களை அந்த எண்ணிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.