குணசேகரனுக்காக அழுதவர்கள்

2023 செப்டம்பர் 8 அன்று காலை, 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு உடம்பு முடியாமல் போனது. மருத்துவமனைக்குப் போனார், பிழைக்கவில்லை. அறுபது வயதுகூட ஆகவில்லை. அன்று என்னைக் கைப்பேசியில் அழைத்துச் செய்தி சொன்னவர்கள் எல்லாரும் பெண்கள். ஒருவர்கூட மாரிமுத்து என்று சொல்லவில்லை. "குணசேகரன் போயிட்டாராமே" என்றார்கள். முந்தின நாள்வரை "அந்தப் பாவி இன்னைக்கு என்ன பண்ணினான்?" என்று கேட்டுக்கொண்டே தொலைக்காட்சி முன் உட்காரும் என் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுப் பெண்களைச் சமையலறையை விட்டு வெளியே விடாத ஒருவனுக்காக, சமையலறையிலேயே ஆயுளைக் கழித்த பெண்கள் ஏன் அழுதார்கள்? சீரியல் பார்த்துப் பார்த்து மூளை மழுங்கிவிட்டது என்பது படித்தவர்கள் தயாராக வைத்திருக்கும் பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக நடித்தார், அதனால் அழுதார்கள் என்பது உண்மைதான் என்றாலும் அது பாதிப் பதில்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. இயக்கியவர், முன்பு 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வம். வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா என்கிற பெண். மதுரையில் ஒரு பணக்காரக் கூட்டுக் குடும்பம். மூத்தவன் ஆதி குணசேகரன். அவனுக்கும் மூன்று தம்பிகளுக்கும் படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தப் படிப்பு கல்யாணப் பத்திரிகையோடு முடிந்துவிட வேண்டும். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி என்று நான்கு மருமகள்கள். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், பெண்கள் நிற்பார்கள். பேச்சு கூடத்தில் நடக்கும், பதில் சமையலறையில் நடக்கும்.

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் இருபது இருபத்தைந்து வருடங்களாக வீட்டைக் கெடுத்தவர்கள் யார்? மாமியார், நாத்தனார், இரண்டாம் தாரம், பொறாமைக்காரச் சகோதரி. நெற்றியில் பெரிய பொட்டும் கையில் விஷப் புட்டியுமாக வந்தவர்கள் எல்லாம் பெண்கள். ஆண் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பான். சொத்து யார் பெயரில் இருக்கிறது, சாவி யார் இடுப்பில் தொங்கினாலும் கையெழுத்து யாருடையது என்பதை அந்தக் கதைகள் கேட்டதே இல்லை. 'எதிர்நீச்சல்' கேட்டது. குடும்பத்தின் வில்லன் குடும்பத் தலைவன்தான் என்று இரவு ஒன்பதரை மணிக்கு, எல்லாரும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சொன்னது. மாமியார் விசாலாட்சி மகன் பக்கம் நின்றாலும், அவரும் அந்தக் கூடத்தில் நிற்கிற ஒருவர்தான் என்பது தெரிந்தது. குற்றவாளிக் கூண்டில் கடைசியில் சரியான ஆள் ஏறியிருக்கிறார் என்ற நிம்மதி பார்த்த பெண்களுக்கு இருந்தது. 2023இல் பல வாரங்கள் தமிழ்த் தொடர்களில் அது முன்னணியில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கூண்டில் ஏறிய மாரிமுத்து செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கத்து மனிதர். சினிமாவுக்கு என்று ஊரை விட்டு வந்து, பல இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்து, 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) என்று இரண்டு படங்கள் இயக்கினார். பிறகு நடிகரானார். குணசேகரனுக்கு அவர் மீசையை முறுக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. வேட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். சலித்துக்கொண்டார். கத்துவதற்கு முன் சிரித்தார். ஒரு பெண் கேள்வி கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருக்கும் தம்பியிடம் பேசினார். இந்தக் கடைசிப் பழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அடியும் உதையும் இருந்தால்தான் கொடுமை என்று நம் சமூகம் வைத்திருக்கிறது. சலிப்பும், பாதியில் வெட்டும் கையசைப்பும், முகத்தைப் பார்க்காமல் பேசுவதும் எந்தப் புகார் மனுவிலும் ஏறாது. "அவர் கொஞ்சம் கோபக்காரர்" என்ற ஒற்றை வரிக்குள் பெண்கள் மடித்து வைத்திருந்ததையெல்லாம் அவர் விரித்துக் காட்டினார்.

பிறகு அந்தச் சொல்: "ஏய், இந்தாம்மா." இந்தா என்றால் இதைப் பிடி, இங்கே பார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடுகளில் அது ஒரு விளி. அதோடு ஒட்டியிருக்கும் அம்மா, தாயைச் சொல்கிற, மரியாதைக்கும் பயன்படுகிற சொல். மாரிமுத்துவின் வாயில் அது வாயை மூடு என்று பொருள்பட்டது. மரியாதைச் சொல்லைக் கொண்டே ஒருத்தியை உட்காரவைக்க முடியும் என்பதை இத்தனை சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவர் வளர்ந்த மண்ணின் பேச்சு அது. பாடம் பண்ணியது போலவே இல்லை.

சிக்கலும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் அது கைப்பேசிகளில் சுற்றியது. மீம் ஆனது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், மனைவி ஏதோ சொல்ல வந்தபோது ஒருவர் அதே இழுவையில் "ஏய், இந்தாம்மா" என்றார். பந்தியே சிரித்தது. அவர் மனைவியும் சிரித்தார். சொல்ல வந்ததை அவர் கடைசிவரை சொல்லவில்லை. குற்றம் சாட்டுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு நடிப்பு, குற்றவாளியின் கையில் புதுக் கருவியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. இதற்கு மாரிமுத்து பொறுப்பா என்று கேட்டால், நேரடியாக இல்லை என்பேன். ஆனால் ரசிக்கத்தக்க ஆணாதிக்கவாதி என்றொரு பாத்திரம் நமக்குப் புதிதில்லை. 'ரத்தக்கண்ணீர்' (1954) படத்தில் எம்.ஆர். ராதாவின் மோகனசுந்தரம் தாயையும் மனைவியையும் எட்டி உதைக்கிற ஆள். அரங்கம் அவன் பக்கம்தான் கைதட்டியது, இன்றும் தட்டுகிறது. தண்டனையில் பாதியைக் காந்தா என்ற தாசியின் தலையில் கட்டிவிட்டு அந்தப் படமும் நகர்ந்துவிட்டது. மேடையிலும் வெளியிலும் பகுத்தறிவு பேசியவர் ராதா. மாரிமுத்துவும் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் ஜோதிடர்களை எதிர்த்து வாதாடினார். முற்போக்கான ஆள் பிற்போக்கானவனாக நடிக்கும்போது அந்தப் பிற்போக்குக்கும் கொஞ்சம் புத்திசாலித்தனமும் கவர்ச்சியும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நடிகர் மோசமாக நடித்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

2021 ஏப்ரலில் விவேக் இறந்தபோது எழுந்த நினைவுகளோடு இதை வைத்துப் பார்க்கிறேன். அவர் நட்ட மரக்கன்றுகளைப் பற்றியும், மூடநம்பிக்கைக்கும் லஞ்சத்துக்கும் எதிரான அவருடைய நகைச்சுவையைப் பற்றியும் எல்லாரும் பேசினார்கள். பேச வேண்டியவைதான். 'சிவாஜி' (2007) படத்தில் கறுப்பு நிறத்துக்காகவே இரண்டு பெண்களைப் பார்த்து ரஜினிகாந்தும் அவரும் அலறிய காட்சியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவையை அந்தக் காட்சி கேலிப்பெயர்களாக்கியது. பள்ளிக்கூடங்களில் அந்தப் பெயர்களால் கூப்பிடப்பட்ட கறுத்த பெண்கள் இப்போது முப்பதுகளில் இருப்பார்கள். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தால் யாருடைய நினைவு அழிகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் விவேக்கின் கணக்கு வேறு. அங்கே அந்தக் காட்சி நம்மைச் சிரிக்கத்தான் சொன்னது. குணசேகரனைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டும் என்று கதை சொல்லவில்லை, நாமாகச் சிரித்தோம்.

மாரிமுத்துவை நான் நினைவில் வைத்திருப்பது வேறொரு படத்தால். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் அவர் ஜோவின் அப்பா. மகள் கல்யாண வீட்டுக்கு அழைத்த தலித் இளைஞனைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்ப் பேசுகிறார். உறவினர்கள் உள்ளே புகுந்து அவனை அடித்து அவமானப்படுத்துகிறார்கள். தடுக்க அவரால் முடியவில்லை. விலகிப் போய்விடு என்று அழுதுகொண்டே கெஞ்சுகிறார். குணசேகரனிடம் இல்லாத ஒன்று அந்த முகத்தில் இருந்தது: தான் செய்வது என்னவென்று தெரிந்த பயம். மகள்மேல் உண்மையான பாசம் உள்ள, அந்தப் பாசத்தைச் சாதிக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றத் தெரிந்த ஒரு நல்ல அப்பா. ஜோவுக்குக் கடைசிவரை எதுவும் சொல்லப்படுவதில்லை. அவளைச் சுற்றி இத்தனை நடந்தும் அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். குணசேகரனை வெறுத்துவிடலாம், ஜோவின் அப்பாவை அப்படி எளிதாக வெறுக்க முடியாது. நம்மில் பலரை வளர்த்தவர் இரண்டாமவர்.

அவர் இறந்த பின் தொடர் என்ன செய்தது? கதையில் குணசேகரன் கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போனான். சில வாரங்கள் அந்தக் கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. கதையை வேறு பக்கம் திருப்ப அது ஒரு வாய்ப்பு. தலைவன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அதே பாத்திரத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய உருவமும் குரலும் முறுக்கிய மீசையும் வேறு வகை. பயம் கூடியது, பழக்கம் குறைந்தது. பக்கத்து வீட்டு ஆளாக இருந்தவன் சினிமா வில்லனாகிவிட்டான். "இவர் அந்த அளவுக்கு இல்லைப்பா" என்று பார்வையாளர்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒப்பீடு முழுக்க ஆண்கள் இருவருக்கும் இடையிலேயே நடந்தது. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தது.

இரங்கல்களில் எனக்குக் குறையாகப்பட்டதும் இதுதான். குணசேகரனின் ஒவ்வொரு வசனமும் போய் விழுந்தது நான்கு பெண் முகங்களில். கனிஹா, பிரியதர்ஷினி, ஹரிப்பிரியா, மதுமிதா ஆகிய நால்வரும் கூடத்து ஓரத்தில் நின்று, பதில் சொல்லாமல், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடித்த மௌனம் இல்லாவிட்டால் மாரிமுத்துவின் சாய்ந்த உட்காரல் வெறும் உட்காரல்தான். பிறகு அவர்கள் சமையலறைக்குள் போவார்கள். அங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டே நந்தினி அவனைப் போலப் பேசிக் காட்டுவாள், மற்ற மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நடனத்தை விட்டுவிட்ட ரேணுகா, எல்லாவற்றையும் பொறுத்துப் பழகிய ஈஸ்வரி, இன்னும் பழகாத ஜனனி என்று ஒவ்வொருத்தியும் சிரிக்கிற விதம் வேறாக இருக்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் என் அம்மா தினமும் உட்கார்ந்தார் என்பது என் ஊகம்.

இப்போது மாரிமுத்துவின் நினைவாகச் சுற்றிவரும் துண்டுகளை நான் தேடித் தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலானவை அரை நிமிடம்கூட இருக்காது. "ஏய், இந்தாம்மா" என்று அவர் திரும்புவார், பின்னணி இசை ஏறும், அத்தோடு வெட்டிவிடுவார்கள். அடுத்த காட்சியில் அடுப்படிக் கதவை நந்தினி ஒருக்களித்துச் சாத்தினாள். அந்தப் பகுதி எந்தத் துண்டிலும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.