ஓடும் வீட்டில் ஒரு சாய்விருக்கை

அமெரிக்காவில் ஓடும், வீட்டு வசதிகள் கொண்ட ஆர்.வி. வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. அங்கிருந்து வண்டியோடு வரும் சோபாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஃபர்னிச்சர் கடையில் வாங்கிய இரண்டு ரிக்ளைனர்களை, அதாவது சாய்விருக்கைகளை, அந்த இடத்தில் வைப்பது, வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்களிடம் பரவலான வழக்கம். இதைச் சொகுசு ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. கிறுக்குத்தனம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் முடியாது. வண்டி ஓடும்போது அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பாரா? பதிலைப் பொறுத்து அதே நாற்காலி நல்ல முடிவாகவும் அமையும், பெரும் பிழையாகவும் அமையும். துணியின் நிறத்தையும் கப் வைக்கும் குழியையும் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவர்கள் இதைக் கேட்காமலேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் வழக்கத்தின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடலாம். தொழிற்சாலை சோபா பகலில் இருக்கை, இரவில் கட்டில் என்று இரண்டு வேலை பார்க்கச் செய்யப்பட்டது. இரண்டையும் அரைகுறையாகவே செய்கிறது. முதுகுப் பகுதி நெட்டுக்குத்தாக நிற்கும். தலைக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் இராது. செயற்கைத் தோல் உறையோ வெயிலிலும் புழுக்கத்திலும் செதில் செதிலாக உரியும். வடக்குப் பனிக்குத் தப்பி அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் குளிர்காலம் முழுக்கத் தங்கும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு அந்தச் சோபா ஒரு தண்டனை. எப்போதோ வரும் விருந்தாளி படுத்துக்கொள்வதற்காகத் தினமும் உட்காருகிறவர் முதுகுவலியோடு ஏன் வாழவேண்டும்? எடையிலும் பெரிய நஷ்டமில்லை. இரும்புச் சட்டமும் மெத்தையும் கொண்ட சோபா-கட்டிலின் எடைக்குள் கையால் இயக்கும் இரண்டு ரிக்ளைனர்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால் ரிக்ளைனர் அசையாத தரைக்காகப் பிறந்த பொருள். 1928-ல் மிச்சிகன் மாநிலத்தின் மன்றோ ஊரில் எட்வர்ட் நபுஷும் எட்வின் ஷூமேக்கரும் செய்த சாய்விருக்கை, வீட்டுத் தாழ்வாரத்தில் போடுவதற்கான மரச்சட்ட நாற்காலி. லேஸி-பாய் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. இன்றைய வாரிசுகளும் வீட்டுக் கூடத்தை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. வண்டிக்குள் கொண்டுவரும்போது முதல் சிக்கல் வாசலிலேயே தொடங்கிவிடும். ஆர்.வி. கதவின் அகலம் பொதுவாக 24 முதல் 30 அங்குலம். ரிக்ளைனர் 30 அங்குலத்துக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. முதுகு தனியாகக் கழலும் வகையாக இருந்தால் கவலையில்லை. பின்புறத் துணியைத் தூக்கிப் பார்த்தால், இரு பக்கமும் உலோகத் தண்டில் செருகிய முதுகும் அதைப் பூட்டியிருக்கும் சிறு நெம்புகோல்களும் தெரியும். ஸ்க்ரூடிரைவரால் அவற்றைத் தள்ளிவிட்டு மேலே இழுத்தால் முதுகு கையோடு வந்துவிடும். மிஞ்சிய அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து உள்ளே நுழைக்கலாம். முதுகு கழலாத நாற்காலிக்குக் கடையிலேயே கும்பிடு போட்டுவிடுவது நல்லது.

அளவெடுக்கும்போது பலர் கோட்டை விடுவது ஸ்லைடு-அவுட்டில். நின்ற இடத்தில் சுவர் வெளியே நீண்டு கூடம் விசாலமாக இருக்கும்போது நாடாவைப் பிடிக்கிறார்கள். புறப்படும்போது அந்தச் சுவர் நாற்காலியோடு சேர்ந்து உள்ளே வரும். அப்போது நாற்காலியின் கைப்பிடி சமையல் மேடையில் இடிக்குமா, வழியில் நிறுத்தினால் கழிப்பறைக்குப் போக வழி இருக்குமா என்று மூடிய நிலையில்தான் பார்க்கவேண்டும். மோட்டார் வைத்த நாற்காலியில் இன்னொரு வம்பு உண்டு. 120 வோல்ட் பிளக்கை நம்பும் அது, மின்இணைப்பில்லாத வனாந்தரத்தில் கால்பலகை நீட்டிய நிலையில் நின்றுவிட்டால் ஸ்லைடையும் மூட முடியாது. பேட்டரி இணைப்பு இல்லையென்றால் கையால் இழுக்கும் வகையே எனக்கு உசத்தி.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டி எவ்வளவு சுமை ஏற்கும் என்பதை உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் லேபிள் சொல்லும். ஆனால் சுமை எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது. பின்னால் இழுத்துச் செல்லும் டிராவல் ட்ரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னாலுள்ள கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவிதி. அச்சுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் எடையைக் கூட்டினால் கொக்கியின் பாரம் குறையும். பாரம் குறைந்த ட்ரெய்லர் காற்றடித்தால் வாலாட்டும்.

இனிக் கட்டுவது. ட்ரெய்லரில் பயணம் முடிந்து கதவைத் திறந்தால் நாற்காலி இரண்டடி நகர்ந்திருக்கும், கால்பலகை தானே நீண்டு அலமாரியில் கீறல் போட்டிருக்கும், சுழலும் வகையானால் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இதற்கு எல்லோரும் நாடுவது இரு முனையிலும் கொக்கி வைத்த ரப்பர் பஞ்சிக் கயிறு. மலிவு, ஓட்டை போட வேண்டியதில்லை, ஒரு நிமிட வேலை. கால்பலகையை மூடிவைக்கவும் சுழற்சியை நிறுத்தவும் அது போதும். ஆனால் நீளும் தன்மைதான் அதன் குணம், அதன் குறையும் அதுவே. மெதுவான நகர்வைத் தடுக்கும். திடீரென்று பிரேக் மிதித்தால் நீண்டுகொடுத்து, பிறகு நாற்காலியைத் திருப்பி எறியும்.

தரையில் டி வளையம் பொருத்தி, நீளாத நைலான் பட்டையால் நாற்காலியின் அடிச்சட்டத்தை இறுக்குவதே முறையான வழி. பட்டையைக் கைப்பிடியிலோ கால்பலகைத் தண்டிலோ மாட்டினால் உறுப்பு வளையும், நாற்காலி நிற்காது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ எங்கே முழுதாக ஓடுகிறது என்று கண்டுபிடித்துக் கட்டவேண்டும். தரையைத் துளைப்பதிலும் நிதானம் தேவை. மேலே தெரியும் வினைல் விரிப்புக்கடியில் ஒட்டுப்பலகை, அதற்கும் கீழே தண்ணீர்க் குழாய், வெப்பக்காற்றுக் குழல், கழிவுநீர்த் தொட்டி என்று ஒரு தனி உலகமே இருக்கிறது. ஸ்லைடின் தரை இன்னும் சிக்கலானது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு திருகு, ஸ்லைடு நகரும்போதெல்லாம் கீழுள்ள தரையை உழுதுகொண்டே போகும்.

இவ்வளவும் ஆளில்லாத ட்ரெய்லருக்கு. ஓடும் டிராவல் ட்ரெய்லரில் ஆள் இருப்பதைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன. பிக்கப் வண்டியின் பின்தட்டில் கொக்கி மாட்டும் ஃபிஃப்த் வீல் வகைக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. கலிபோர்னியா நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. விலக்கு இருக்கும் இடத்திலும் உட்காராதீர்கள் என்பேன். யாரும் இல்லாத கூடத்தில் நாற்காலி நகர்ந்தால் போவது பொருள்தான். அந்த எல்லைக்குள் இந்த வழக்கத்தை நான் தயங்காமல் ஆதரிப்பேன்.

மோட்டார்ஹோமில் கதையே வேறு. ஓட்டுநரும் கூடமும் ஒரே பெட்டிக்குள். தொழிற்சாலை சோபாவில் இரண்டோ மூன்றோ சீட் பெல்ட் இருக்கும். கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும் அந்தச் சோபாவின் பெல்ட் பிடிமானத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: அமெரிக்கக் கூட்டாட்சி விதி 210-ன்படி இடுப்புப் பெல்ட்டின் பிடிமானம் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ இழுவையைத் தாங்கவேண்டும். முன்னோக்கியோ பின்னோக்கியோ அமைந்த பயண இருக்கை தன் எடையின் 20 மடங்கு விசைக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்கிறது விதி 207. 45 கிலோ நாற்காலிக்கு இது 900 கிலோ. ஒட்டுப்பலகையில் முடுக்கிய நான்கு மரத்திருகு இதன் பக்கத்தில் கூட வராது. ஆகவே பேரப்பிள்ளையை ரிக்ளைனரில் உட்காரவைத்து, கடையில் வாங்கிய பெல்ட்டைத் தரையில் திருகிப் பொருத்திக்கொள்ளும் கைவேலையைப் பாதுகாப்பு என்று சொல்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. காலியாக இருக்கும் நாற்காலியும் விபத்தில் ஓட்டுநரின் முதுகை நோக்கித்தான் வரும்.

சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்யக்கூடாது என்ற கூட்டாட்சித் தடை தயாரிப்பாளர், விற்பனையாளர், பழுதுபார்ப்பவர் போன்றோரைத்தான் கட்டுப்படுத்துகிறது. தன் வண்டியில் தானே கைவைக்கும் உரிமையாளரை அல்ல. பெல்ட் வைத்த சோபாவைக் கழற்றத் தயங்கும் பட்டறைக்காரர் கூலிக்காகச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்து, வார இறுதியில் தானே கழற்றுகிறவர் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்.

மோட்டார்ஹோமில் நாற்காலி மாற்றியே ஆகவேண்டுமென்றால், பெல்ட் உள்ள இருக்கைகளைத் தொடாமல் எதிர்ப்பக்கத்து இடத்தைப் பயன்படுத்துங்கள். பட்டையை வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த பிடிமானத்தில் கட்டுங்கள். ஓட்டத்தில் உட்காரக்கூடாத இருக்கையில் அதைத் தெளிவாக எழுதி ஒட்டவேண்டும் என்று விதி 207 தயாரிப்பாளருக்குச் சொல்கிறது. ஃபர்னிச்சர் கடை நாற்காலியில் அந்த அறிவிப்பு இருக்காது. நீங்களே எழுதி, ஏறுகிறவர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள்.